அத்தையின் பத்து மாதம்

என் தம்பியை அத்தை ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கினாள். அவன் பிறந்து தீட்டுக் கழிந்த மறுநாள் காலையில் அது நடந்தது. மஞ்சள் தடவிய புது முறத்தில் தவிட்டைக் குவித்து எடுத்துக்கொண்டு அத்தை எங்கள் கூடத்துக்கு வந்தாள். அம்மா அந்தத் தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். காலியான முறத்தில் குழந்தையைக் கிடத்தி, இரண்டு கையாலும் தூக்கி அத்தையிடம் நீட்டினாள். முறத்தில் ஒட்டியிருந்த தூள் மூக்கில் ஏறி அவன் தும்மினான். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் முந்தானையை இறுகப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஆறு வயது. எதிர்வீட்டு மாட்டுக்கு அதே தவிட்டைத்தான் தினமும் போடுவார்கள். ஒரு தம்பியின் விலை இவ்வளவு கம்மியா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் பே கோபுரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தேரடி வீதியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டுமே தவழ்வதற்கு முன்பே போய்விட்டன. அதனால் தம்பி பிறந்தபோது வீட்டில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி கை கழுவும்போதே சொல்லிவிட்டாள்: "இது உன் புள்ளைன்னு தெரிஞ்சா இதையும் தூக்கினு பூடும். வேற கைக்கு மாத்திடும்மா." எது தூக்கிக்கொண்டு போகும் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிள்ளை தங்காத வீடுகளில் இப்படித் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். பெரும்பாலும் விற்ற கையோடு திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு காலைப்பொழுதில் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பயம் ஜாஸ்தி என்பதால் அப்படிச் செய்யவில்லை. அண்ணாமலையாருக்குக் கரும்புத் தொட்டில் எடுப்பதாக வேண்டிக்கொண்டார்கள். கார்த்திகைத் தேர் அன்று தொட்டில் எடுக்கும்வரை பிள்ளை அத்தையுடையதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். தம்பி பிறந்தது தை மாதத்தில்.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை என்று அவள் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பாவிடம் வந்தவள், எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் தங்கிக்கொண்டாள். அவள் அறைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து தனி வழி உண்டு. எங்கள் கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு. எப்போதும் திறந்தே கிடந்ததால், அதற்குத் தாழ்ப்பாள் இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. கோயில் வாசலில் பூ விற்பவர்களுக்குச் சரம் கட்டிக் கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். சிரிப்பு வந்தால்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிற ஆள் அவள்.

தம்பி கைக்கு வந்ததும் அத்தை வேறொருத்தியாகிவிட்டாள். காலை வெயில் ஏறியதும் பின்கட்டு வாசலில் கால்களை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே அவனைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். மூக்கை நீவி விடுவாள், தலையைத் தட்டித் தட்டி உருண்டையாக்குவாள், காதில் ஊதுவாள். வெந்நீர் ஊற்றி முடித்துச் சாம்பிராணிப் புகையில் அவனைக் காட்டும்போது, அவன் கொட்டாவி விடும் அழகைப் பார்க்க நான் பள்ளிக்கூட மணியைக்கூட மறந்து நின்றிருக்கிறேன். கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு. உரைகல்லில் மருந்து உரைப்பாள், தூளியை ஆட்டுவாள். பாட்டு வராது அவளுக்கு. அதனால், எந்தத் தெருவில் எந்தக் கடை இருக்கிறது என்று வரிசையாக ராகம் போட்டுச் சொல்லுவாள். திருவூடல் தெருவைத் தாண்டுவதற்குள் அவன் தூங்கிவிடுவான். பூச்சரம் கட்டுவது தாமதமாகி, கடைக்காரர்கள் ஆள் அனுப்பிச் சத்தம் போடுவார்கள். "எம் புள்ள வுடமாட்டேன்றாங்க" என்று அவள் சொல்லும்போது குரலில் இருந்த பெருமையை நான் வேறு எந்தக் குரலிலும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு வாய்த்தது பால் கொடுக்கும் வேலை ஒன்றுதான். அதையும் யாரோ பக்கத்து வீட்டுக்காரி ஒத்தாசை செய்வதைப்போலத்தான் செய்ய வேண்டும். மார்பு கனத்து ரவிக்கை நனைந்தாலும் "என் புள்ள" என்று சொல்லக் கூடாது. "அண்ணி, உங்க புள்ளைக்குப் பசிக்குது போல, கொண்டாங்க" என்பாள். அத்தை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அத்தைகிட்ட சமத்தா குடிச்சிட்டு வா ராஜா" என்று சொல்லி வாசற்படியில் காத்திருப்பாள். அத்தை அம்மாவானால் அம்மா அவனுக்கு அத்தை, அப்பா மாமா. முறை பிசகாமல் எல்லாரும் அப்படியே பேசினோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னை விட்டுவைப்பார்களா? "அப்ப நீ அவனுக்கு முறைப்பொண்ணாச்சேடி, கல்யாணம் எப்போ?" என்று கேட்டு அழவைப்பார்கள். பால் குடித்து முடித்ததும் அம்மா அவன் வாயைத் துடைத்து உடனே திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு முத்தம் கொடுக்க மாட்டாள். கொடுக்க வாய் போவதும், பிறகு உதட்டைக் கடித்துக்கொள்வதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருநாள் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நல்லா சொன்ன" என்று என் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. அப்பா அப்படியே சாப்பிட்டார்.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானத்திலேயே வெளிச்சம் போய், சந்தெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அவனை மடியில் போட்டுக்கொண்டு நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அம்மா பலகைக் கதவுவரைக்கும் வந்தாள். படியைத் தாண்டவில்லை. தான் உள்ளே போய்ப் பதறினால், இது யார் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு போக வந்திருப்பதற்குத் தெரிந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினாள். "போயி கேளுடி, உடம்பு சூடு கம்மியா, ஜாஸ்தியான்னு" என்று என்னை அனுப்பினாள். நான் கேட்டு வந்து சொன்னேன். மறுபடி அனுப்பினாள். நடுவில் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்த அரிசியையே திரும்பத் திரும்பப் பொறுக்கினாள். பால் கொடுக்க எடுத்து வந்தபோது அவன் உடம்பு அம்மாவின் மடியைச் சுட்டது. அப்போதும், "உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது அண்ணி, பயப்படாதீங்க" என்று அத்தைக்கு அவள்தான் தைரியம் சொன்னாள். காய்ச்சல் இறங்கியதும் அத்தை குழந்தையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவளால் அழ முடிந்தது. அம்மா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கார்த்திகை வந்தது. கொடியேறிய நாளிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. தேருக்கு முதல் நாள் அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தோகையோடு கரும்பு கொண்டுவந்து கூடத்தில் சாத்தினார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை அதில் போட்டு, முன்னால் தகப்பனும் பின்னால் தாயும் தோளில் சுமந்து மாட வீதியைச் சுற்றி வருவார்கள். தேர் அன்று திரும்பின பக்கமெல்லாம் கரும்புத் தொட்டிலாகத் தெரியும். அத்தை தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டாள்: "பின்னால நான் புடிச்சிக்கட்டுமாடா? ஒரு தெரு மட்டும்?" அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கரும்பைப் பார்த்தாள். "புருஷன் பொண்டாட்டிதான்கா தூக்கணும்" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. வழக்கம் அதுதான்.

காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே, அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக அத்தை குழந்தையோடு உட்கார்ந்தாள். அம்மா முறத்தில் தவிடு வைத்து நீட்டி, "எங்க புள்ளைய எங்களுக்குக் குடுங்க" என்றாள். 'குடுத்துட்டேன், கூட்டினு போங்க' என்று அத்தை சொல்ல வேண்டும். தவிடு முறத்திலிருந்து காற்றில் பறந்தது. "அக்கா, சொல்லுக்கா" என்றார் அப்பா. அவள் சொன்னாள். சொன்னது எனக்குக்கூடக் கேட்கவில்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டோம்.

திருவூடல் தெரு முழுக்கத் தம்பி தொட்டிலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். பே கோபுரத் தெரு திரும்பியதும் மேளச் சத்தத்தில் மிரண்டு அழ ஆரம்பித்தான். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள். அவன் தூளியிலிருந்து தலையைத் தூக்கி, அம்மாவின் தோளைத் தாண்டிப் பார்த்து, அத்தையை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, "ம்மா" என்றான். வீட்டில் அதற்கு முன் உளறியிருக்கிறான்தான். அன்று தெளிவாகக் கூப்பிட்டான், விடாமல் கூப்பிட்டான். கூட்டத்தில் வந்த ஒருத்தி சிரித்துக்கொண்டே, "அம்மா இங்கதான்டா கீறாங்க, உன்னைத் தூக்கினு" என்று அவன் முகத்தை அம்மா பக்கம் திருப்பிவிட்டாள். அவன் இன்னும் வீரிட்டான். அத்தையின் கை என் கையை உதறிவிட்டுத் தூளியின் ஓரத்தைத் தொட்டு ஆட்டியது. அம்மா திரும்பாமலே சொன்னாள்: "வுடுங்க அண்ணி. அழட்டும். பழகிப்பான்." அத்தை கையை எடுத்துக்கொண்டாள். மிச்சத் தெருக்களை அவள் என் கையைப் பிடிக்காமலே நடந்தாள்.

அன்றிலிருந்து அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. பத்து மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினாள். கன்னம் சிவக்கச் சிவக்க முத்தம் கொடுத்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் புள்ள, என் புள்ள" என்று சொன்னாள். யாராவது கேட்காவிட்டாலும் சொன்னாள். தம்பியோ கீழே விட்டால் போதும், பின்கட்டை நோக்கித் தவழ்ந்தான். "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க அண்ணி, கொழந்த பழகட்டும்" என்று சொல்லி, அம்மா பலகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் கதவடியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். அம்மா அள்ளித் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு திமிறினான். அப்படி அவன் திமிறிய ஒரு சாயங்காலம், அம்மா அவனைக் கீழே இறக்கிவிட்டு, அவனுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். பெற்ற பிள்ளைக்கு அந்நியமாகிப்போவது எப்படி இருக்கும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு புரிந்தது.

நான் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு அத்தையிடம் போனேன். அவள் கதவின் அந்தப் பக்கம், பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் தட்டுகிற இடத்தில் ஒரு கையைப் பதித்து வைத்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டு, "நான் இங்க இல்லன்னு அவன்கிட்ட சொல்லுடி கண்ணு" என்று கிசுகிசுத்தாள். கட்டாத பூ கூடையில் வாடிக் கிடந்தது. அவள் நினைத்திருந்தால் சந்து வழியாக வந்து அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கையைப் பிடித்துத் தடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்தேன் என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்ன சொல் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது.

குழந்தைகள் மறப்பதில் கெட்டிக்காரர்கள். தம்பி கதவுக்குப் போவது குறைந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினான். ஒருநாள் நான் போனபோது அத்தை கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். "சத்தத்தையே காணோமே, தூங்கறானா?" என்று கேட்டாள். "இல்லத்த, வெளையாடறான். அம்மாகூட" என்றேன். அத்தை காதைக் கதவிலிருந்து எடுத்தாள். பிறகு எழுந்து, டிரங்குப் பெட்டியை இழுத்து, கொடியிலிருந்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை அவளால் போக முடியவில்லை என்று நினைக்கிறேன். கூப்பிடுவது நின்ற பிறகு, இருக்க முடியவில்லை.

ஊருக்குப் போனவள் அங்கே ஒரு பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கைத் துடைத்துச் சோறு ஊட்டினாள். பொங்கலுக்கு மட்டும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். தம்பி "வா அத்த" என்று ஓடிவந்து மூட்டையைப் பிரிப்பான். "மெதுவாடா மருமவனே" என்பாள். அவன் தலையைத் தொட மாட்டாள். அம்மா அவளுக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தியாகப் பரிமாறுவாள். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். தவிட்டுக் கதையைத் தம்பியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில், தம்பி கல்லூரியில் சேர்ந்த சமயம், அத்தை போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். நாங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை வைத்துக் கொள்ளி போட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "வேணாங்க. என் புள்ள போடுவான்" என்றாள். ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ நீ உசுரோட கீற. உம் புள்ள இன்னொரு பொம்பளைய தாய் ஸ்தானத்துல வச்சி மொட்டை போட்டா, அது உனக்கு ஆவாதும்மா" என்றார். அம்மா அத்தையின் காலடியில் நின்றுகொண்டு சொன்னாள்: "இவன் மொதல்ல அம்மான்னு கூப்ட்டது இவங்களத்தாங்க. நாந்தான் கதவச் சாத்திட்டேன். எனக்கு ஆவறது ஆவட்டும், அவன் போடட்டும்." தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். ஒரு சொல் பிசகினால் சாவு வந்துவிடும் என்று பத்து மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் என் அம்மா. அதே சாவு தன் பக்கம் திரும்பினாலும் சரி என்று அன்று அத்தனை பேர் முன்னால் நின்றாள். தம்பி ஒன்றும் கேட்காமல் போய்த் தலையைக் கொடுத்து உட்கார்ந்தான். தவிட்டுக் கதை முழுவதையும் அன்று ராத்திரி நான்தான் அவனுக்குச் சொன்னேன்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது வேங்கிக்காலில் தம்பி கட்டிய வீட்டில் அவனோடுதான் இருக்கிறாள். முதுகு வளைந்துவிட்டது, காது மட்டும் கூர்மை. ஒவ்வொரு வருஷமும் அத்தை போன நாளில் தம்பி புதுப்புடவை வைத்துப் படைக்கிறான். சமையல் முழுக்க அம்மாதான் செய்கிறாள், மருமகளைக்கூடக் கிட்டே விடுவதில்லை. இலை போட்டு எல்லாம் பரிமாறிய பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். பெற்றவள் வீட்டுக்குள் இருக்கும்போது அவன் அம்மா என்று கும்பிட்டால் அது அத்தைக்குப் போய்ச் சேராது என்று அவளே ஒரு நியாயம் வைத்திருக்கிறாள். எந்த சாஸ்திரத்திலும் அப்படி இருப்பதாகத் தெரியவில்லை. தம்பி முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

போன வருஷம் நானும் போயிருந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா எதிர்வீட்டு மாடிப்படியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நனையறம்மா, உள்ள போலாம்" என்றேன். "இருடி. இன்னும் கொஞ்ச நேரம் அவன் அவங்க புள்ளையா இருக்கட்டும்" என்றாள். தம்பி சோற்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தான். மழையில் காக்கை ஒன்றையும் காணோம். சுவரில் சோற்றை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்து, "அம்மா, சாப்பிட வாம்மா" என்று கூப்பிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள், பதில் சொல்லவில்லை.